வெறிக்காத மனிதர்

“வேர் தெரிஞ்சவனுக்குக் கள்ளு வெறிக்காது. இந்த மன்னார்த் தீவிலை ‘வெறி’ எண்ட சொல்லின்ர வேர் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்.”

கள்ளுத் தவறணை வாங்கில் உட்கார்ந்தபடி இதைச் சொல்லிவிட்டு, கள்ளில் மிதக்கும் பூச்சியைச் சுண்டுவிரலால் ஒதுக்குவார் அமிர்தநாயகம். படகு எஞ்சின் திருத்துகிறவர். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது மற்றவர்கள் குக்கரும் மின்விசிறியும் கொண்டுவந்தார்கள். இவர் அட்டை போன அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எங்கள் கரையில் குடிப்பவர்களுக்கு ஓர் இலக்கிய அந்தஸ்து.

குடித்த யாரையாவது “வெறிக்குட்டி” என்று ஏசினால் இவர் எழும்பிவிடுவார்.

“பழந்தமிழிலை வெறி எண்டால் வாசம். பூவின்ர வாசம்! முருகன் பூசாரி வேலன், சாமி வந்து ஆடினதும் வெறிதான். மழை விட்டு வானம் துலங்கினாலும் வெறிச்சிட்டுது எண்டுதானே சொல்லுறம்? இதுக்குள்ள கள்ளை மட்டும் ஏன் பிடிச்சு ஏசுறியள்?”

மனைவி திரேசம்மாவிடம் இந்த ஆராய்ச்சி எடுபட்டதில்லை. “ஓம், வாசம் குசினி அடுப்பு வரைக்கும் வருது. போய் வாயைக் கொப்பளியுங்கோ.”

திருநாளில் மாதா சுரூபத்தைத் தோளில் சுமக்கும் நால்வரில் முன்வலப்பக்கம் இவருடையது. பதினெட்டு வருட உரிமை. வீட்டுக் காணி உறுதியைக்கூட இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை. இந்த வருடம் புதிதாக வந்த பாதர், வெறியோடு வருகிறவர் சுரூபத்தில் தோள் வைக்கக்கூடாது என்று பூசையிலேயே அறிவித்துவிட்டார்.

திருநாளன்று காலையில் இரண்டு போத்தல் கள்ளு உள்ளே போயிருந்தது. பாதருக்குத் தெரியாது, தவறணைக்குத் தெரியும்.

“ஐயா, விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கோ பாப்பம்,” என்றார் பாதர்.

ஒரு சொல் பிசகாமல் சொன்னார். கோயில் வாசலிலிருந்து கொடிமரம் வரை கோடு கிழித்ததுபோல் நடந்தும் காட்டினார்.

“சரி. போய்ப் பிடியுங்கோ.”

“அண்ணை பாஸ்!” என்று கத்தினான் அயல்வீட்டு றொசாந்தன். அந்த இடத்துக்காக ஆறு வருடமாகக் காத்திருப்பவன். குரலில் பாதிதான் சந்தோசம்.

அமிர்தநாயகம் சுரூபம் தூக்கும் தண்டின் கீழே தோளைக் கொடுத்தார். காலை அகட்டி வைத்தார். மாற்றி வைத்தார். அண்ணாந்து மாதாவைப் பார்த்தார். பிறகு நிலத்தை, அது அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுபோல், கொஞ்சம் கூடுதலான நேரம். மற்ற மூவரும் தூக்கக் குனிந்தார்கள்.

அவர் தோளிலிருந்த துவாயை எடுத்து நாலாக மடித்து, றொசாந்தனின் தோளில் வைத்து, அவனைத் தண்டுக்குள் இழுத்துவிட்டு விலகினார்.