நாலாம் கட்டிலில் ரெங்கம்மாள்

அபயாம்பாளை அபயா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "முழுசாக் கூப்பிட்டா வாய் வலிக்குதா?" என்பாள். குத்தாலத்துக்காரி. அப்பா குத்தகை நிலத்தில் குறுவை போட்டிருக்கிறார். தஞ்சாவூரில் எங்களோடு நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

அன்று காலை பெண்கள் வார்டில் விஜயலட்சுமி சிஸ்டர் அவளிடம், "நாலாம் கட்டில் வேம்புக்கு இன்சுலின் போட்டுட்டு வாம்மா" என்றார். அபயாம்பாள் போய், "வேம்புதானே?" என்று கேட்டாள். "ஆமாந் தாயி." போட்டுவிட்டாள்.

படுத்திருந்தவர் ரெங்கம்மாள். பதினோராம் கட்டில்காரர், சர்க்கரை நோயே இல்லாதவர். பதினோராம் கட்டில் இருக்கும் வரிசைக்குத் தலைமாடு வடக்கே. வடக்கே தலைவைத்துப் படுத்தால் வீடு திரும்ப மாட்டோம் என்ற பயத்தில், விடிந்ததும் வேம்புவிடம் கெஞ்சிக் கட்டிலை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

அரை மணி நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. டாக்டரிடம் உடனே சொல்லி, குளுக்கோஸ் ஏற்றியதில், பத்து மணிக்கெல்லாம் தெளிந்துவிட்டார்.

"ஏம்மா, வேம்புன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள் அபயாம்பாள்.

"இல்லன்னா அந்தக் கட்டிலுக்கே அனுப்பிடுவியே. எம்பேரை எங்கயும் எழுதிடாத சாமி."

நடந்ததை எழுதிக் கொடுக்க வார்டில் ஒரு படிவம் உண்டு. அதை எடுக்கப் போனவளை சிஸ்டர் நிறுத்தினார். "டாக்டருக்குத் தெரியும். அந்தம்மாவும் நல்லாருக்கு. பேப்பர்ல ஏத்திட்டு, உன் போஸ்டிங் புக்ல யாருகிட்ட கையெழுத்து வாங்குவ?" வார்டில் வேலை பழகியதற்கு சிஸ்டர் போடும் அந்தக் கையெழுத்து இல்லாமல் மூன்றாம் ஆண்டு முடியாது.

மதியம் வகுப்பில், நோயாளிப் பாதுகாப்பு பற்றி மாணவர்களின் கருத்தறிய ஒரு தாள் கொடுத்தார்கள். 'தவறு நடந்தால் தயங்காமல் தெரிவிப்பேன்.' எதிரே, 'முழுச் சம்மதம்' முதல் 'சம்மதமே இல்லை' வரை ஐந்து கட்டங்கள். அவள் பேனா முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் போய்ப் போய் வந்தது.

"இளஞ்செழியா, நடுக் கட்டத்துக்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலன்னு."

"அப்ப அதுலயே குடியிருந்துடலாம் போல." கொஞ்சம் கழித்து, "உங்க பேர் என்னன்னு கேட்டிருந்தா அந்தம்மா ரெங்கம்மாள்னு சொல்லியிருக்குமோ?"

"அப்பவும் வேம்புன்னே சொல்லியிருக்கலாம்."

"நீ ஆறுதல் சொல்றியா, பயமுறுத்துறியா?"

எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் படிவத்தை எடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். ரெங்கம்மாள் பொய் சொன்னதை எழுதினால் எல்லோரும் அவரைத்தான் திட்டுவார்கள். எழுதாவிட்டால் பாதிதான் உண்மை. கடைசியில் அந்தப் பொய்யை விட்டுவிட்டாள். 'பெயரை நானே சொல்லிக் கேட்டது தவறு. தலைமாடு வடக்கே இருப்பதால் நோயாளிகள் தங்களுக்குள் கட்டில் மாற்றிக்கொள்கிறார்கள்.'

சிஸ்டர் இரண்டு முறை படித்தார். "பழியைக் கட்டில் மேல போட்டுட்டியா?"

"என் மேலயும் போட்டிருக்கேன் சிஸ்டர்."

படிவத்தில் கையெழுத்திட்டார். அவளுடைய போஸ்டிங் புக்கைக் கையெழுத்திடாமலே மேசை டிராயருக்குள் வைத்து மூடினார். "இதுக்கு நாளைக்கு வா."

படியிறங்கும்போது அபயாம்பாள் கேட்டாள், "நாளைக்கு வான்னா, கையெழுத்து போடுவாங்களா, மாட்டாங்களா?"

போடுகிற மாதிரியும் போடாத மாதிரியும் சிஸ்டர் குரலில் 'நாளைக்கு வா' என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டும் பொருந்தின.