சத்தம் வரலையே, தாயி

உச்சிப்புளியில் செல்போன் கடை மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. போனில் வரும் புகார்களை எழுதிக்கொள்வது என் வேலை. ஒருநாள் காலை, மின்விசிறியைப் போடும்போதே போன் அடித்தது. பாம்பனில் விசைப்படகு டிரைவராக இருந்த என் தாய்மாமன். "புது போன் வாங்குனேன்ல தாயி, எல்லைக்கிட்டப் போனாலும் சத்தம் வரலையே" என்றார். "எழுதிக்கிட்டேன் மாமா, சார்கிட்ட காட்டுறேன்" என்றேன்.

கடல் எல்லையை நெருங்கினால் அலறி எச்சரிக்கும் செயலி எங்களுடையது. பெங்களூரு வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பிய முதலாளி எழுதியது. இந்தக் கரையில் அது இல்லாத படகைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. பிறகு வெளியூர்க் கம்பெனி ஒன்று காற்று, மீன் விலை எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் செயலியோடு வந்தது. எங்கள் செயலியை வைத்திருந்த மீனவர்கள் அந்தப் பக்கம் நகரத் தொடங்கினார்கள். முதலாளி சோற்றில் கை வைத்தபடியே அந்தக் கம்பெனியின் செயலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா சொன்னதை அவரிடம் காட்டினேன். புது போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, திரை அணைந்ததும் செயலியை நிறுத்திவிடுகின்றன என்பது அவருக்கும் தெரியும். "நம்ம செயலியிலயும் மீன் விலைய முதல்ல கொண்டு வந்துருவோம்மா. இத மாசக் கடைசியில பார்ப்போம். எல்லாரும் அங்கன போயிட்டா, நம்ம சத்தத்தக் கேக்க யாரு இருப்பா?" என்றார். அன்று அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதுவரை திரையை அணைக்காமல் வைத்திருங்கள் என்றாவது மாமாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் செயலியில் மீன் விலை வந்த வாரமே மாமாவின் படகு எல்லைக்கு அப்பால் பிடிபட்டது. அவரோடு இன்னும் மூன்று பேர். செய்தி கேட்ட முதலாளி உட்கார்ந்து இரண்டே நாளில் சத்தத்தைச் சரிசெய்தார். அவ்வளவுதான் அந்த வேலை. ஆனால் எங்கள் செயலியில் சத்தம் வராது என்ற பேச்சு தொண்டியிலிருந்து சாயல்குடிவரை பரவிவிட்டது. ஒவ்வொருவராக எங்கள் செயலியை அழித்தார்கள். மழைக்காலத்துக்கு முன்பே மாடியைக் காலிசெய்தோம்.

இப்போது சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். எந்த வேலை முதலில் என்று பேசும் கூட்டங்களில் என்னால் அதிகம் வாய் திறக்க முடிவதில்லை.

பிடிபட்டுப் பல மாதங்கள் கழித்துத்தான் மாமா சிறையிலிருந்து திரும்பி வந்தார். படகு வரவில்லை. பார்க்கப் போனபோது கன்னம் ஒட்டிப்போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எழுதிக்கிட்டேன்னு சொன்னியே தாயி. அவரு படிக்கலையா?"

"படிச்சாரு, மாமா" என்றேன்.