குளிர் ஆகாத பை

பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லேசாகச் சாய்க்கிறாள் டார்லின் விராபெல். உள்ளே பட்டுத் துணி அசைந்தாற்போல ஒரு மினுமினுப்பு ஓடுகிறது. "உசுரோட இருக்கீங்களா கண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டு, ஓயாமல் ஆடும் தட்டில் அதைக் கிடத்துகிறாள். அந்த இயந்திரத்துக்கு அவள் வைத்த பெயர் தொட்டில்.

ஒஹாயோவில் இந்த விலங்கு மருத்துவமனையின் ரத்த வங்கியில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. ரத்தப்போக்கை நிறுத்தும் தட்டணுக்களை நாய்களிடமிருந்து எடுத்துச் சேமித்து வைப்பாள். இரண்டு வருடமாக ஓர் ஒப்பீடும் நடக்கிறது. தொட்டிலில் ஆடும் புதுப் பை நன்றாக வேலை செய்கிறதா, தட்டணுக்களை உலர்த்தி வைத்து, வேண்டும்போது தண்ணீரில் கரைக்கும் பொடியா? எந்த நாய்க்கு எது என்பதை, முன்பே சீட்டுக் குலுக்கிப் போட்டு மூடி ஒட்டிய உறை சொல்லும். டார்லினுக்குப் பொடி மேல் நம்பிக்கை கிடையாது. "காப்பித்தூள் மாதிரி கலக்கி ஏத்துறதுல உசுரு எங்க இருக்கு?" என்பாள். ஆனாலும் நடந்ததை நடந்தபடிதான் தாளில் எழுதுவாள்.

ரத்தப் பைக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். தட்டணுப் பைக்குக் குளிரே ஆகாது, கொஞ்ச நேரத்தில் கெட்டுவிடும். புதிதாக வரும் டாக்டர்களை ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்தி மிரட்டுவாள்: "இதுக்குள்ள வச்சே, கைய ஒடிச்சிருவேன்!" அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் ஒரு கையில் ரத்தப் பையும் மறு கையில் தட்டணுப் பையுமாக நின்றபோது தொலைபேசி அடித்தது. இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஓடினாள். வேறு யாருமில்லை, டார்லினேதான்.

மதியம் ஹெர்ஷ்பெர்கர் என்ற பால்பண்ணைக்காரர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈறிலும் குடலிலும் ரத்தம். டாக்டர் கீனன் உறையைப் பிரித்தார். புதுப் பை என்றிருந்தது. டார்லின் திரும்பிப் பார்த்தாள். தொட்டில் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பையை வெளிச்சத்தில் சாய்த்தாள். மினுமினுப்பு இல்லை. மறுபடி சாய்த்தாள். இருந்ததே அந்த ஒரு பைதான். "பொடியவே கலக்குங்க" என்றாள். பொடி ஏறியது. நாலு மணிக்குள் நாய் போய்விட்டது.

"புதுப் பை ஏத்தியிருந்தாலும் போயிருக்கும், டார்லின்" என்றார் கீனன்.

"ஏத்தியிருந்தாலும்னு ஒரு கட்டம் இந்தத் தாள்ல இல்லயே, டாக்டர்."

கழுத்துப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு ஹெர்ஷ்பெர்கர் வந்தார். "உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்கம்மா."

"இல்ல. நான் ஃபிரிட்ஜுல வச்சிட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பை வீணானதற்குக் காரணம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். கெட்ட பையைக் குப்பையில் போட வேண்டும் என்பது விதி. அவள் அதைத் தொட்டிலில் கிடத்தி, ஆட விட்டாள்.