கிழட்டுக் காருக்குப் புது எஞ்சின்

பழைய கார் வைத்திருக்கும் சக பாவிகளே, நோர்வூட்டில் கராஜ் நடத்தும் என் தொழிலில் எஞ்சின் மாற்றினால் இடுப்பு வலிக்கும், அதற்கான விதியைச் சொன்னால் தொண்டை வற்றும். விதி சின்னதுதான். வேறு எஞ்சின் வைத்தால் அதிகாரியிடம் காட்டி, அதன் நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். கேட்கிற ஆள்தான் கிடைப்பதில்லை.

பேர் மாற்றம்

வாடகைக்கு ஹயர் கார் ஓட்டும் ராசு அண்ணனுக்கு வேறு எஞ்சின் மாட்டிக் கொடுத்தேன். "புத்தகத்துல இருக்க பழைய நம்பரையே இதுலயும் அடிச்சு விட்ருங்க, வேல முடிஞ்சிருச்சு" என்றார். எஞ்சினுக்கு நம்பர்தான் பேர், அதை மாற்றி அடித்தால் ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்!

"பேர மாத்துனா ஜெயிலா? எம் மச்சான் கொழும்புக்குப் போயி மூணு பேரு மாத்திட்டான், நல்லாத்தானே இருக்கான்!"

எஞ்சின் சாமி

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கண்டாக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். தன் கார் மேடு ஏறுவது முருகன் புண்ணியம் என்று நம்புகிறவர். புது எஞ்சினுக்கும் வெள்ளிதோறும் சந்தனம், திருநீறு, குங்குமம். பரிசோதனை நாளில் மூடியைத் திறந்தால் எஞ்சின் அபிஷேகம் முடிந்த விக்கிரகம் மாதிரி இருக்கிறது.

அதிகாரி எட்டிப் பார்த்து, "நம்பர் கோ?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்தச் சந்தனத்துக்குள் எங்கே என்று எனக்கும்தான் தெரியவில்லை. நம்பர் தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். நான் தடவித் தடவித் தேடுவதைப் பார்த்துப் பொறுமையிழந்து, என் கையிலிருந்த ஸ்க்ரூ ட்ரைவரை வாங்கி அவரே சுரண்ட ஆரம்பித்தார். ஐயா கன்னத்தில் போட்டுக்கொண்டு கத்தினார்.

"சேர், சுரண்டுறதுன்னா சுரண்டுங்க, ஆனா கெழக்க பாத்து நின்னு சுரண்டுங்க!"

கயிற்றில் வந்த கல்யாணக் கார்

மஸ்கெலியா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் மொதலாளியின் மனைவி மணப்பெண்ணாக வந்து இறங்கியது ஒரு பழைய காரில். மகளும் அதில்தான் கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மொதலாளி எஞ்சின் மாற்றச் சொன்னார். மாற்றினேன். மண்சரிவில் பாதை மூடி, பரிசோதனை தள்ளிப்போக, கல்யாணம் முந்திக்கொண்டது.

புத்தகத்தில் ஏறாத எஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடமாட்டேன் என்று சாவியை மடியில் முடிந்துகொண்டேன். "ஒஞ் சட்டத்தத் தூக்கி அடுப்புல போடு!" என்று கத்தியவர், கொஞ்ச நேரத்தில் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. கடைசியில், "ஸ்டார்ட் பண்ணாம போனா?" என்றேன்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் ட்ரக்டர் வந்தது. கயிறு கட்டினோம். ஸ்டியரிங்கில் நான், பின்னால் பட்டுச்சேலையில் பொண்ணு, முன்னால் ட்ரக்டர் விட்ட புகை. சந்தியில் நின்ற பொலிஸ்காரர் கையைக் காட்டினார். காரணம் கேட்டுச் சிரித்தவர், எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். கோயில் வாசலில் மாலையும் கையுமாக மாப்பிள்ளை வாயைப் பிளந்து நிற்க, பொண்ணு இறங்கியதும் சொன்னது:

"அப்பா, மொதல்ல எங்க கல்யாணத்தப் பதிஞ்சிருங்க, இல்லாட்டி இவரையும் கயிறு கட்டித்தான் இழுத்துட்டுப் போகணும்!"

எஞ்சினைப் பரிசோதிக்க அதிகாரி இருக்கிறார், அதன் சொந்தக்காரரைப் பரிசோதிக்கத்தான் இந்த நாட்டில் ஆளில்லை.