மாட்டுக் கிராணி வீட்டுப் பால்

ரப்பர் கொட்டை வெடிக்கும் மாதங்களில் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்கு ஓய்வே கிடையாது. காய் மரத்திலேயே வெடித்து, கொட்டை பறந்து வந்து கூரையில் விழும். ஒவ்வொரு முறையும் தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரிப்பாள். அவள் பயந்தது சத்தத்துக்கு. எனக்குப் பயம் அந்தக் கொட்டையின் மேலேயே.

அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் பார்த்த வேலை. அவர் சென்னையில் பௌதிகம் படித்தவர். அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது, அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்குச் சம்பளம் கொடுக்க ஊரில் ஆள் இல்லை. மலாயாவில், ஜொகூர்ப் பக்கம் சாஆ என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் மாட்டுத் தீவன ஆராய்ச்சிக்கு ஆள் தேடினார்கள். மாடு தெரிய வேண்டாம், கணக்குத் தெரிந்தால் போதும் என்றார்கள். கப்பல் ஏறிவிட்டார். பின்னாலேயே நானும் போய்ச் சேர்ந்தேன்.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் அது. கீழே விழுந்து வீணாகும் கொட்டையைப் பொறுக்கி, எண்ணெய் எடுத்துவிட்டு, மிச்சமாகும் புண்ணாக்கைக் கறவை மாட்டுக்குப் போட்டால் என்ன என்று தோட்டத்துத் துரைக்கு ஒரு யோசனை. சிங்கப்பூர் வழியாக வரும் எள்ளுப் புண்ணாக்கை வாங்க வேண்டியதில்லை. தொழுவத்தை நடுவில் மறித்து ஒரு பக்கத்து மாடுகளுக்கு எள்ளு, மறுபக்கத்து மாடுகளுக்கு ரப்பர் கொட்டை என்று பிரித்தார்கள். எது தின்றால் எவ்வளவு கறக்கிறது, எந்தப் பால் மலிவாக முடிகிறது என்று பார்ப்பதுதான் இவர் வேலை. தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். ஆபீஸ் கிராணி உண்டு, ஸ்டோர் கிராணி உண்டு. இவருக்கு ஜனங்கள் மாட்டுக் கிராணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அணுவைத் தேடிப் போனவருக்கு மாடுதான் வாய்த்தது என்று நானும் சீண்டுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவருக்குக் கோபம் வராது என்பதே எனக்குக் கோபமாக இருக்கும்.

பச்சைக் கொட்டையில் விஷம் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். மரவள்ளி இலையில் இருக்கிற அதே விஷம். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் ஓர் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மரவள்ளி இலையை மேய்ந்து, நுரை தள்ளி, கால்களை உதைத்துக்கொண்டு செத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். கொட்டையை ஊறவைத்து, நன்றாக வேகவைத்துக் காயப்போட்டால் விஷம் ஆவியாகிப் போய்விடும் என்றார்.

"போயிடுச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

"கணக்கு இருக்கு" என்றார்.

அதுவரை அது மாட்டின் பாடாக இருந்தது. குழந்தை பிறந்து சில மாதத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது என்னிடம் பால் வற்றிப்போயிருந்தது. டின் பால் கொடுத்துப் பார்த்தோம், குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. தொழுவத்துப் பாலைத் தவிர வேறு வழி இல்லை. தொழுவத்தில் கறக்கிற பெண் ஒருத்தி இருந்தாள், வாட்டசாட்டமானவள், எதையும் ஓட்டமாகச் செய்கிறவள். அவள்தான் காலையில் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுப்பாள். சில நாள் கழித்துத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இது எந்தப் பக்கத்துப் பால்?"

"கொட்டைப் பக்கம், கிராணியம்மா. எள்ளுப் பக்கத்துப் பாலெல்லாம் பங்களாவுக்கில்ல போகுது" என்றாள்.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைப் போடுவதற்கு முன்னால் கேட்டேன்.

"துரை வீட்டுக்கு ஏன் எள்ளுப் பால்?"

"அது முன்னாலேர்ந்து போயிட்டிருக்கு. நடுவுல மாத்துவாங்களா?"

"உங்க புண்ணாக்கு அவ்வளவு நல்லதுன்னா துரைப் பிள்ளைக்குக் குடுக்க வேண்டியதுதானே."

பாலுக்கு விஷம் வருவதற்கு முன்னால் மாட்டுக்கு வரும், மாடு நன்றாக இருக்கிறது, ஆகவே பால் நன்றாக இருக்கிறது என்று விளக்கினார். பள்ளிக்கூடத்தில் சொல்வது போலச் சொன்னார். என் பயம் மட்டும் போகவில்லை.

அப்போதெல்லாம் சாயங்காலம் அவர் சிலேட்டும் கையுமாக இருப்பார். அணு சம்பந்தமான கணக்கு. எழுதுவார், அழிப்பார், எழுதுவார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒருநாள் எனக்கும் அதைச் சொன்னார். சில அணுக்கள் தாமாகவே சிதைகின்றனவாம். சிதையும்போது உள்ளே இருந்த சக்திக்கும் வெளியே வந்த சக்திக்கும் கணக்கு உதைக்கிறதாம். விட்டுப்போனதை ஒரு துகள் எடுத்துக்கொண்டு போகிறது என்று சீமையில் ஒருவர் சொல்லியிருக்கிறாராம். அதை யாரும் பார்த்ததில்லை. எந்தச் சுவரும் அதைத் தடுக்காது.

"அப்ப திருடன்னு சொல்லுங்க."

"திருடன்தான்" என்று சந்தோஷப்பட்டார். "ஆனா இருக்கான். இல்லேன்னா கணக்கு நிக்காது."

"பார்க்க முடியாத ஒண்ணு எடுத்துட்டுப் போகுதுன்னா நம்புவீங்க. பார்க்க முடியாத ஒண்ணு பால்ல வருதுன்னு நான் சொன்னா மட்டும் பைத்தியம்."

அவர் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கூரையில் கொட்டை விழுந்தது, குழந்தை அழுதாள், பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு நானே ஒரு வழி பண்ணிக்கொண்டேன். பால் வந்ததும் காய்ச்சி, முதல் மடக்கை நான் குடிப்பேன். குடித்துவிட்டு அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து நெஞ்சு படபடக்கிறதா, கண் இருட்டுகிறதா என்று பார்ப்பேன். உண்மையில் தினமும் படபடத்தது, பயத்தில். விஷத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். குழந்தை பசியில் கத்தி ஊரைக் கூட்டிய பிறகுதான் சங்கில் ஊற்றுவேன். அப்புறம் அவள் உதடு நீலம் பாரிக்கிறதா என்று பார்ப்பதிலேயே காலைப்பொழுது கழியும்.

ஒருநாள் அவர் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீ குடிச்சுப் பார்க்கிறதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது. உன் எடை வேற, அவ எடை வேற. உன்னை ஒண்ணும் பண்ணாதது அவளைப் பண்ணலாம்."

எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் மழையில் ஓடிய நாளைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் என்றால் மரத்துப் பால்தான். பால் வெட்டுவது, பால் எடுப்பது, பால் நிறுப்பது எல்லாமே மரத்தோடு சேர்ந்த பேச்சு. மாட்டுப் பாலைச் சொல்ல வேண்டுமானால் மாட்டுப் பால் என்றே சொல்ல வேண்டும். அந்த மரத்துப் பாலை ஸ்டோரில் தொட்டிகளில் ஊற்றி, உறைவதற்காக ஆசிட் கலப்பார்கள். ஸ்டோர் கிராணிக்குக் காய்ச்சல் கண்டதால் அந்த வாரம் ஸ்டோரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி இவர் தலையில் கட்டியிருந்தார்கள். தொழுவத்துப் பெண்ணையும் தொட்டி கழுவக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டிருந்த முற்பகல். முந்தின இரவு பல் முளைக்கும் வலியில் தூங்காத குழந்தை, பாலைக் குடித்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அந்தப் பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிராணியம்மா, பால்ல ஆசிட் ஜாஸ்தியாயிடுச்சாம். யாரும் தொடவேணாம்னு ஓடிப் போய்ச் சொல்லச் சொன்னாரு ஐயா."

"எந்தப் பாலுடி?"

"தெரியலம்மா. இன்னைக்கு எடுத்த பாலுன்னாரு."

அவர் சொன்னது தொட்டியில் இருந்த பாலை. சொல்லச் சொன்னது வெளியே நின்ற கங்காணியிடம். வேறு எந்தக் கிராணி வாயிலிருந்து அந்தச் சொல் வந்திருந்தாலும் அவள் கங்காணியிடம்தான் ஓடியிருப்பாள். மாட்டுக் கிராணி பால் என்றதும், தினமும் அவள் கொண்டுவந்து கொடுக்கிற பாலாகத்தான் அவளுக்குப் பட்டது. இதெல்லாம் பிற்பாடு கூட்டிக் கழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது காலியாகக் கிடந்த சங்கு மட்டுந்தான்.

தொட்டிலிலிருந்து தூக்கினேன். கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன், முகத்தைச் சுளித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டாள். முந்தானையால் மூடிக்கொண்டு மழையில் ஓடினேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டேன். காலடியில் கொட்டைகள் வழுக்கின. விழுந்துவிடக் கூடாது, விழுந்துவிடக் கூடாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடினேன். நல்ல ஆஸ்பத்திரி என்றால் மைல் கணக்கில் தள்ளி சிகாமட் டவுனுக்குப் போக வேண்டும். அவ்வளவு நேரம் தாங்குமோ என்னவோ என்று நேரே ஸ்டோருக்கு, அவரிடமே போனேன்.

ஸ்டோருக்குள் அவர் தொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சுட்டா" என்றேன். "நீங்க சொல்லி அனுப்பறதுக்கு முன்னாடியே பாலைக் குடிச்சுட்டா."

இன்றைக்கும் அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. ஒரு நொடியில் வெளுத்துவிட்டது. குழந்தையைப் பிடுங்கினார். வாயைத் திறந்து மூக்கை உள்ளே வைத்து முகர்ந்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "எப்ப குடிச்சா, எவ்வளவு குடிச்சா?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "லாரியை எடுக்கச் சொல்லுங்க, லாரியை எடுக்கச் சொல்லுங்க" என்று யாரிடமோ சொன்னார். குரல் அவருடையதாக இல்லை. பிடுங்கின வேகத்தில் குழந்தை விழித்துக்கொண்டு, ஆசிட் நெடி தாங்காமல் வீரிட்டு அழுதாள்.

கங்காணி மெல்ல வந்து நின்றார். "ஐயா, நீங்க சொன்னது இந்தத் தொட்டிப் பாலைத்தானே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள், அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கங்காணி சொன்ன பிறகும் அவர் குழந்தையின் நகத்தையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்ட பிறகு நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். குழந்தையை அவர் என்னிடம் தரவில்லை. பாதி வழியில் கேட்டேன்.

"சொல்லி அனுப்பினதே நீங்கதானே. எந்தப் பாலுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"நீ வந்து நின்னதும் ஆசிட் ஞாபகத்துக்கே வரல. நான் வேற ஒண்ணை நெனச்சேன்."

"எதை?"

"தினம் நெனக்கிறதைத்தான்" என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை எவ்வளவு நடுங்கினாலும், வீட்டில் பயப்படாத ஆள் ஒருவர் இருக்கிறார், படித்தவர், அவருக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு பிடி இருந்தது. அந்தப் பிடி போய்விட்டது. கொட்டைக் கணக்கு சரியில்லையா என்று கேட்டேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

அன்று சாயங்காலமே பங்களாவுக்குப் போய் எள்ளுப் பக்கத்துப் பாலில் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார். பங்களாவுக்கே பற்றவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு அவர் சிலேட்டைத் தொடவில்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இப்போது என்னால் எழுத முடிகிறது. அவள் வளர்ந்து, கல்யாணமாகி, என்னையே அதட்டுகிற வயதுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலையில் அது எங்களுக்குத் தெரியாது. அதே தூக்குச்சட்டியில் அதே பால் வந்தது. நான் காய்ச்சி இறக்கினேன். முதல் மடக்குக்காகத் தம்ளரைத் தேடினேன், காணோம். திரும்பிப் பார்த்தால் அது அவர் கையில் இருந்தது.

"நீங்கதானே சொன்னீங்க, இது ஆராய்ச்சி ஆகாதுன்னு."

"ஆகாதுதான்" என்று சொல்லி நீட்டினார்.

ஊற்றினேன். குடித்துவிட்டு, நான் வழக்கமாக உட்காரும் படியில் போய் உட்கார்ந்தார். உள்ளே குழந்தை பசியில் கத்த ஆரம்பித்திருந்தாள். நானும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.