ப்ரொஹிபிட் என்றால் மாமா

அக்கா பெரியவளான வாரத்தில்தான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எங்களுக்கு ‘ப்ரொஹிபிட்’ என்ற இங்கிலீஷ் சொல்லை நடத்தினார். வெளியே போகாதே என்று அம்மா சொன்னால் அது ‘ஃபர்பிட்’, தோட்டத்தை நடத்தும் துரை பலகை எழுதி மாட்டினால் ‘ப்ரொஹிபிட்’ என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் வீட்டிலேயே இரண்டுக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

அக்காவை அம்மா லயத்து வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவை விட்டு வெளியே விடவில்லை. அம்மாவின் தம்பியை, எங்கள் தாய்மாமாவை, துரை தோட்டத்துக்குள்ளேயே விடவில்லை. தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்தார் என்று பத்துச்சீட்டு கொடுத்து வேலையை விட்டு விரட்டி, வெளியாட்கள் நுழையத் தடை என்று ஆற்றுப் பாலத்தில் பலகையும் மாட்டியிருந்தார்கள். மாமா பிறந்ததே எங்கள் லயத்தில்தான். அவர் வெளியாளாம்!

சடங்குக்குப் பச்சைக் குடிசை கட்டத் தாய்மாமன்தான் வேண்டும். ஒரு மணி நேரம் உள்ளே விட்டால் போதும் என்று அப்பா பங்களா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடியாது என்று துரைக்காக அவருக்குக் கீழே வேலை பார்க்கும் கண்டாக்கையா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“எந்தம்பி கட்டாத குடிசையில எம்மக உக்கார மாட்டா” என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

கடைசியில் மாமா பாலத்துக்கு அந்தப் பக்கம், ரோட்டோரத்தில் உட்கார்ந்து மானாப்புல்லில் குடிசையைக் கட்டினார். நாலு பேர் அதைத் தோளில் தூக்கி வந்தார்கள். பாலத்துக் காவல்காரர் தடுக்கவில்லை. பலகையில் குடிசையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே!

சடங்கு முடிந்து குடிசையைக் கொளுத்தியதும், அம்மா கொடுத்த பணியாரத் தூக்கோடு நான் பாலத்துக்கு ஓடினேன். மாமா அந்தப் பக்கமே நின்று லயத்துப் பக்கம் எழுந்த புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

“மாமா, நீங்க உள்ள வரக்கூடாதுங்கிறத நான் இங்கிலீஷ்லயே சொல்லுவேன்” என்றேன். வாத்தியாரிடம் சபாஷ் வாங்கிய வாக்கியம் அது. “மை அங்கிள் இஸ் ப்ரொஹிபிட்டட் ஃப்ரம் என்டரிங் தி எஸ்டேட்” என்று பிசிறில்லாமல் ஒப்பித்தேன்.

மாமா பணியாரத் தூக்கை வாங்கிக் கீழே வைத்தார். “சரி தாயி, வரலாம்னு விடுறதுக்கும் ஒரு சொல்லு இருக்குமே, அது என்னா?”

“அந்தப் பாடம் இன்னும் நடத்தல மாமா.”

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். நல்ல பகிடி ஒன்று சொல்லிவிட்டதாக நினைத்து நானும் கூடச் சிரித்தேன். ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. அதுவரை அந்தப் பாடம் வரவேயில்லை.