ஆடு தொடாத கிழங்கு

கிழங்கு தோண்டிய அன்று அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள், நான் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கார அக்கா தன் ஆடுகளோடு நின்று வேடிக்கை பார்த்தாள். அப்பா இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் சேதி வரவில்லை.

வரிசை வீடுகளின் பின்னால் தண்டவாளம் வரை இறங்கும் சரிவுதான் எங்கள் தோட்டம். எஞ்சின்கள் கொட்டிய கரிக்கசடும் உடைந்த செங்கல்லும் கலந்த மண். மத்தியான மழை எவ்வளவு கொட்டினாலும் அங்கே தண்ணீர் நிற்காது. மழை விட்டு ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் மண் காய்ந்துவிடும். அந்தக் காய்ச்சலைத் தாங்குகிற செடி மட்டுமே பிழைக்கும். பிழைத்ததை ஆடு தின்றுவிடும்.

அரிசி ரேஷன் கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. தங்கைக்குக் கால்கள் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. அவள் உடம்பில் எதையாவது ஏற்றியாக வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இங்கிலீஷ் பள்ளியை மூடிவிட்டார்கள். படித்த மூளையைத் தோட்டத்தில்தான் செலவழிக்க வேண்டியிருந்தது.

முதலில் சர்க்கரைவள்ளிக் கொடி போட்டேன். ஆட்டுக்கார அக்காவின் ஆடுகள் ஒரே காலையில் தரையோடு மேய்ந்துவிட்டன. நான் கோபமாக அக்காவிடம் போனேன்.

“அக்கா, ஆட்டைக் கட்டிப் போடக் கூடாதா?”

“கட்டிப் போட்டா தீனி யாரு குடுப்பா, நீயா? அதுங்களுக்கும் பசிக்குதுலா.”

“வேலி கட்டியிருக்கேனே!”

“என் ஆடு ஸ்கூலுக்குப் போனதில்ல தம்பி. இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதி வெச்சுப் பாரேன்.”

ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து இலையில் தெளித்தால் ஆடு வாய் வைக்காது என்று அம்மா சொன்னாள். உண்மைதான். கீரைக்குத் தெளித்தோம், அண்டவில்லை. ஆனால் மழை வந்து கழுவிவிட்டுப் போனதும் திரும்பி வந்தன. தினமும் கரைத்துத் தெளிக்க ஆட்டிடமே அவ்வளவு புழுக்கை இல்லை.

அப்போதுதான் கிள்ளான் சாலையில் மூடிக் கிடந்த ஒரு மாவு மில்லின் பின்பக்கம் அந்தச் செடிகளைப் பார்த்தேன். சுற்றிலும் ஆடு மேய்ந்து புல் மொட்டையாகக் கிடந்தது. நடுவில் மரவள்ளி மட்டும் தலைக்கு மேல் பச்சையாக நின்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ஆடுகள் கிட்டே வந்தன, முகர்ந்தன, தும்மிவிட்டு விலகின. தண்டை வெட்டிக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து சரிவு முழுக்க ஊன்றினேன்.

காய்ச்சலில் அது வாடவே இல்லை. அக்காவின் ஆடுகள் ஓர் இலையைக்கூடக் கடிக்கவில்லை.

“என்ன தம்பி மந்திரம் போட்டே?”

“படிப்புக்கா.”

“அட, படிப்புல கிழங்கும் வெளையுமா!” என்று சிரித்தாள்.

விளைந்தது. தோண்டிய அன்று ஒவ்வொரு கிழங்கும் என் முழங்கை நீளத்துக்கு வந்தது. வீணாகக் கூடாது என்று அம்மா தோலோடு வேகவைத்தாள். சோறு வடிக்கிற வீட்டில் வடித்த தண்ணீரைக் கொட்டுகிற வழக்கம் கிடையாது. கஞ்சித் தண்ணீர்தான் சத்து, அது நோயாளிக்குத்தான் முதலில். கிழங்கு வடித்த தண்ணீரிலும் உப்புப் போட்டு ஆற்றித் தங்கையிடம் கொடுத்தாள்.

“கசக்குதும்மா.”

“கசப்பு ஒடம்புக்கு நல்லதுடி. கண்ண மூடிக்கிட்டு குடி.”

மிச்சம் வைக்காமல் குடித்தாள். கூடவே ஒரு துண்டுக் கிழங்கும் தின்றாள். அம்மா எனக்குத் தட்டு வைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் சுவரில் சாய்ந்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு, ஓடி வந்த பிள்ளையைப் போல மூச்சு வாங்கினாள். உட்கார்ந்த இடத்தில் அப்படி மூச்சு வாங்குவதை நான் பார்த்ததே இல்லை. கண் மேலே செருகியது. அம்மா போட்ட சத்தத்தில் அக்கா வேலியை மிதித்துக்கொண்டு வந்தாள்.

“ஐயோ, என்னடி குடுத்தே புள்ளைக்கு?”

“கிழங்குத் தண்ணிதான்க்கா… கிழங்குத் தண்ணிதான்…”

அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளின் பின்னால் உட்கார, நான் ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். அம்மா பின்னால் ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். தண்டு எங்கே எடுத்தேன் என்று கேட்டார். மாவு மில் என்றதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“அது திங்கிற ஜாதிக் கிழங்கு இல்லப்பா. விஷம். மில்லுல துருவிக் கழுவி, தண்ணிய எல்லாம் கொட்டிட்டு மாவை மட்டும்தான் எடுப்பான். நீங்க அந்தத் தண்ணியவா குடிக்கக் குடுத்தீங்க?”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆடு ஏன் தும்மியது என்று அதுவரை நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. தொடவில்லை என்பது மட்டுமே எனக்குப் போதுமாக இருந்தது.

“மருந்து ஒண்ணும் கையில இல்ல. சீனித் தண்ணி கரைச்சு வாயில விட்டுக்கிட்டே இருங்க. பொழைச்சா அவ அதிர்ஷ்டம்” என்றார் டிரஸ்ஸர்.

சீனியைக் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. அம்மா உட்கார்ந்தபடியே காதில் கை வைத்துத் தோட்டைக் கழற்றினாள். மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு கடைக்காரரிடம் ஓடினேன். அவர் உள்ளறையிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அக்கா கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டாள். அம்மா தங்கையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் தங்கை கண்ணைத் திறந்து, “இது கசக்கல” என்றாள்.

மறுநாள் சரிவு முழுவதையும் பிடுங்கி ஆழமாகப் புதைத்தேன். ஒரு டம்ளர் சீனிக்கு நாங்கள் கொடுத்தது அம்மாவின் தோடு ஒரு ஜோடி, அதற்கு மேல் ஜப்பான் நோட்டில் முப்பது வெள்ளிப் பணம்.